சுருக்கமும் விரிவும்



பள்ளியில் 'சுருக்கி வரைக' என்னும் பயிற்சியை நீங்கள் எல்லீரும் செய்திருப்பீர்கள். நீண்டதொரு பத்தியை மூன்றில் ஒரு பங்காக்குமாறு பல்லாண்டுகள் மாணவர்க்குக் கற்பித்தவன் நான். அப்பயிற்சியில் வேண்டாதவற்றை விலக்குகிறோம். விலக்கியவற்றைச் சுருக்கத்திலிருந்து எவராலும் மீட்க இயலாது. கணிப்பொறியோ, ஒரு கோப்பைச் சுருக்கிப் பின்பு ஓர் எழுத்தும் குறையாமல் விரித்துத் தருகிறது. இக்கலை எவ்வாறு தோன்றிற்று, அனைவர்க்கும் உரிய பொருளாக எவ்வாறு ஆயிற்று என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

1951-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ராபர்ட் ஃபானோ என்னும் பேராசிரியர், இறுதித் தேர்வு எழுதலாம், அன்றி ஒரு கட்டுரை அளிக்கலாம் என்று தம் மாணவரிடம் கூறினார். மிகக் குறைந்த குறிகளால் செய்தியை எழுதும் வழி யாது என்பதே கட்டுரைக்குரிய வினா. அதற்கு முழு விடையைப் பேராசிரியரும் கண்டிலர். அடிக்கடி வரும் எழுத்துக்குக் குறுகிய குறியும், அருகி வரும் எழுத்துக்கு நீண்ட குறியும் தரவேண்டும் என்பது முன்னரே அறிந்த கருத்து. அதனை மிகச் சிக்கனமாக அமைக்கும் முறையை டேவிட் ஹஃப்மன் என்னும் மாணவர் கண்டார். 1952-இல் அது வெளியாயிற்று. ஆசிரியர் தாம் அறியாததையும் மாணவரிடம் வினவலாம் என்பதற்கு இதனினும் நல்ல சான்றை நான் காணேன்.

இரண்டாம் படியை அமைத்தவர்கள் ஜேக்கப் சிவ், ஆபிரகாம் லெம்பல் என்னும் இசுரேலிய அறிஞர் இருவர். முன்பு வந்த தொடர் மீண்டும் வருமாயின், அதனைத் திரும்ப எழுத வேண்டா. 'இத்தனை எழுத்துக்குப் பின்னே சென்று, இத்தனை எழுத்தை எடுத்துக்கொள்க' என்று குறித்தால் போதும். 1977-இல் அவர்கள் வெளியிட்ட முறையின் சாரம் இதுவே. இன்று பரவலாக வழங்கும் குறியீட்டு முறையில் தமிழின் 'க' என்னும் ஓர் எழுத்துக்கு 3 பைட்டு இடம் வேண்டும். தமிழ் எழுத்துக்கள் அனைத்திற்கும் அவற்றுள் முதல் பைட்டு ஒன்றே. மீண்டும் மீண்டும் வருகின்ற இத்தகைய பகுதி சுருக்கத்திற்கு எளிதில் இடந்தரும். மீள்வது எதுவும் இல்லாத கோப்போ சுருங்காது.

1984-இல் டெர்ரி வெல்ச் என்பவர், அவ்விருவரும் 1978-இல் வெளியிட்ட மற்றொரு முறையைச் சீர்செய்து வெளியிட்டார். யூனிக்ஸ் கணிப்பொறிகளில் 'கம்ப்ரெஸ்' என்னும் கட்டளை அதனைக் கைக்கொண்டது. பலரும் தம் கோப்புகளை அதனால் சுருக்கி வைத்தனர். ஆயின், அம்முறைக்கு 1983-இலேயே காப்புரிமை கோரப்பட்டிருந்தது; 1985-இல் அது வழங்கப்பட்டது; பின்னர் யூனிசிஸ் நிறுவனத்தின் உடைமையாயிற்று. தான் எழுதியதைச் சுருக்கி வைக்கும் கருவிக்கே பிறர் இசைவு வேண்டுமெனில், அந்நிலை கவலைக்குரியதன்றோ?

இந்நிலையை மாற்ற முனைந்தோர் ஜான்-லூ கெய்லி, மார்க் ஆட்லர் என்னும் இருவர். சுருக்கும் பகுதியைக் கெய்லியும் விரிக்கும் பகுதியைப் பெரிதும் ஆட்லரும் எழுதினர். காப்புரிமைத் தடையற்ற வழியை அவர்கள் நாடினர். ஃபில் காட்ஸ் வகுத்த 'டிஃப்ளேட்' முறையைக் கொண்டனர். மேலே சொன்ன 1977-ஆம் ஆண்டு முறையையும் ஹஃப்மன் முறையையும் இணைத்தது அது. 1992 அக்டோபர் 31 அன்று 'ஜி-ஜிப்' என்னும் அக்கருவி வெளிவந்தது. விலையில்லை, எழுதிய நிரலும் மறைக்கப்படவில்லை.

அதனைப் பயன்படுத்துவதும் எளிது. கட்டளை வரியில் 'ஜி-ஜிப்' என்று எழுதி, அடுத்துக் கோப்பின் பெயரை எழுதினால், மூலக் கோப்பு நீங்கி, அதனிடத்தில் சுருங்கிய கோப்பு அமையும். 'ஜி-அன்ஜிப்' என்னும் கட்டளை அதனை விரிக்கும். 1 முதல் 9 வரை அளவு குறிக்கலாம். 1 விரைவு மிக்கது, 9 சுருக்கம் மிக்கது. எதுவும் கூறாவிடின் 6 கொள்ளப்படும். கோப்பின் இறுதியில் சரிபார்ப்பு எண் ஒன்று உள்ளது. விரிக்குங்கால் அவ்வெண்ணை மீண்டும் கணித்து ஒப்பிடுவதால், இடையே நேர்ந்த பிழை வெளிப்பட்டுவிடும்.

1996-இல் அம்முறையின் இலக்கணம் யாவரும் படிக்குமாறு வெளியிடப்பட்டது. வெல்ச் முறையின் அமெரிக்கக் காப்புரிமை 2003-இல் முடிவுற்றது. அதற்குள் ஜி-ஜிப் உலகெங்கும் வேரூன்றிவிட்டது. இன்று இணையப் பக்கங்கள் பல அவ்வடிவில் சுருங்கியே நம்மிடம் வந்து விரிகின்றன.

சுருக்கியதை விரிக்கும் வழி உலகறிய எழுதப்பட்டிருக்கும் வரை, நம் எழுத்தும் கணக்கும் படமும் நம் பேரர்க்கும் பயன்படும். அவ்வழி ஒருவர் பெட்டியில் பூட்டப்பட்டிருப்பின், கோப்பு நம் கையில் இருந்தும் பயனில்லை. எதனையும் சேமிக்குமுன், அதனைத் திறக்கும் வழி யார் கையில் இருக்கிறது என்று வினவப் பழகுங்கள்.