பலகைக் கித்தாரின் கதை

இசைக்கருவிகளின் வரலாறு என்றால் வீணை, நாதசுவரம், மிருதங்கம் என்று பெருமைக்குரியவற்றையே நாம் முதலில் எடுத்துக்கொள்வது வழக்கம். இன்று விலை மலிவான, அலங்காரம் ஏதுமில்லாத ஒரு கருவியை எடுத்துக்கொள்வோம். மின்சாரக் கித்தார்தான் அது.

அதை முதன்முதலாகக் கையில் வாங்கிப் பார்ப்பவருக்குச் சற்று ஏமாற்றமே உண்டாகும். சாதாரணக் கித்தாருக்கு வயிறு உண்டு. நடுவில் வட்டத் துளை உண்டு. இதற்கு இரண்டும் இல்லை. தட்டையான ஒரு பலகை, அதில் திருகாணியால் முடுக்கிய கழுத்து, ஆறு கம்பிகள், இரண்டு குமிழ்கள். மின்சாரம் இல்லாமல் மீட்டினால் கொசு பறப்பது போன்ற ஓசைதான் வரும். "இந்தப் பலகைக்கா காசு கொடுத்தாய்?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்டால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. 1950ஆம் ஆண்டில் அமெரிக்காவில், இத்தொழிலிலேயே பழம் தின்று கொட்டை போட்டவர்களும் ஏறக்குறைய அப்படித்தான் கேட்டார்கள்.

கித்தார் இயல்பிலேயே மெல்லிய குரலுடையது. பறையும் எக்காளமும் முழங்கும் இடத்தில் அதன் குரல் எடுபடாது. இக்குறையைப் போக்க, 1930களின் தொடக்கத்தில் ஜார்ஜ் பீச்சம், அடால்ஃப் ரிக்கன்பாக்கர் என்ற இருவர் கலிபோர்னியாவில் ஒரு மின்சாரக் கித்தாரைச் செய்து விற்றனர். அது அலுமினியத்தில் வார்த்தது. மடியில் கிடத்தி வாசிப்பது. அதன் உருவத்தைப் பார்த்து மக்கள் 'வாணலி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அது வேலை செய்யும் விதம் எளிது. கம்பிகளுக்கு அடியில் காந்தம் இருக்கிறது. அதனோடு சேர்ந்து, மயிரிழை போன்ற செப்புக் கம்பியைப் பல்லாயிரம் சுற்றுச் சுற்றிய சுருள் ஒன்றும் இருக்கிறது. மேலே எஃகுக் கம்பி அதிரும்போது சுருளில் மிகச் சிறிய மின்னோட்டம் பிறக்கிறது. ரேடியோப் பெட்டிக்குள் இருப்பது போன்ற கருவி ஒன்று அதைப் பெரிதாக்கி, ஒலிபெருக்கி வழியாக வெளியே விடுகிறது. நைலான் கம்பி கட்டினால் ஓசையே வராது. காந்தத்துக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒலி இங்கே மரப்பெட்டியை நம்பி இல்லை. கித்தார் செய்வதில் செலவு பிடிப்பதோ அந்தப் பெட்டிதான். மெல்லிய மரத்தை வளைத்து, ஒட்டி, இழைத்து எடுக்கத் தேர்ந்த தச்சன் வேண்டும். பெட்டியே வேண்டாம் என்றால்?

அப்படிக் கேட்டவர்களில் ஒருவர் லியோ ஃபெண்டர். கலிபோர்னியாவில் ஃபுல்லர்ட்டன் என்ற ஊரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர். கித்தார் வாசிக்கத் தெரியாதவர்! 1950இல் அவர் கெட்டியான பலகையில் ஒரு கித்தாரை வெளியிட்டார். கழுத்தை ஒட்டாமல் நான்கு திருகாணிகளால் பூட்டினார். கழுத்து கெட்டால் கழற்றிவிட்டு வேறொன்றைப் பூட்டிக்கொள்ளலாம். ரேடியோவின் பழுதான உறுப்பை மாற்றுகிறவரின் புத்தி அது. போட்டி வியாபாரிகள் அதைப் பார்த்துப் படகுத் துடுப்பு என்றும், பனி அள்ளும் மண்வெட்டி என்றும் கேலி செய்தார்கள். 1951 முதல் 'டெலிகாஸ்டர்' என்று பெயர் பெற்ற அந்தக் கித்தார் இன்றுவரை விற்பனையில் இருக்கிறது.

ஆயினும், கூலிக்கு உழைக்கும் குடும்பத்துக்கு அதுவும் எட்டாத விலைதான். விலையை இன்னும் கீழே கொண்டுவந்தவர் நியூ ஜெர்சியைச் சேர்ந்த நேதன் டேனியல். 'டேன்எலெக்ட்ரோ' என்ற அவருடைய நிறுவனம் 1954 முதல் கித்தார் செய்தது. எளிய மரச் சட்டத்தின் மேலும் கீழும் மேசனைட் என்ற அட்டைப் பலகையை ஒட்டினார். மரச் சிராய்களை நீராவியில் வேகவைத்து அழுத்திச் செய்யும் பலகை அது. அறைத் தடுப்புகளுக்குப் பயன்படும் சரக்கு. காந்தத்தையும் சுருளையும் வைக்க உறை வேண்டுமே? உதட்டுச் சாயக் குழாய்களையே வாங்கி அவற்றுக்குள் அடக்கிவிட்டார். பெண்கள் கைப்பையிலிருந்து இசை வந்தது என்று சொன்னால் தப்பில்லை.

1960களின் தொடக்கத்தில் அவர் செய்த இன்னொரு வேலை நமக்கு மிகவும் பிடித்தது. கித்தாரை வைக்கும் பெட்டியிலேயே ஒலிபெருக்கியைப் பொருத்திவிட்டார். பெட்டியைத் திறந்து நிறுத்தி, கம்பியைச் சொருகினால் போதும். தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. 'சில்வர்டோன்' என்ற பெயரில் சியர்ஸ் நிறுவனம் இதை 70 டாலருக்கும் குறைவாக விற்றது. குறைகளும் உண்டு. ஒலிபெருக்கி சிறியது, கூட்டத்துக்குப் போதாது. ஆனால் பழகும் பிள்ளைக்குக் கூட்டம் எதற்கு?

சியர்ஸ் நிறுவனம் பொருள்களின் படமும் விலையும் அச்சிட்ட தடித்த புத்தகத்தை அனுப்பி, தபால்வழி விற்றது. கடைவீதி இல்லாத ஊர்களுக்கும் அந்தப் புத்தகம் போயிற்று. கறுப்பின மக்களுக்கு அது வேறொரு விதத்திலும் உதவிற்று. கடைக்காரர் முகம் சுளிப்பாரோ, காத்திருக்கச் சொல்வாரோ என்ற அச்சம் தபாலில் இல்லையே.

மடி வாட்டர்ஸ் என்ற பெரும் பாடகர் மிசிசிப்பி மாநிலத்தில் ஸ்டோவல் பருத்தித் தோட்டத்தில் வளர்ந்தவர். அங்கே டிராக்டர் ஓட்டியவர். தோட்டத்துக் கணக்கில் கடன்பட்டு வாழ்வது எப்படிப்பட்டது என்று நம் குடும்பங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வீட்டில் இருந்த கடைசிக் குதிரையை ஏறத்தாழ 15 டாலருக்கு விற்று, பாதியைப் பாட்டியிடம் கொடுத்து, தம் பங்கில் சுமார் இரண்டரை டாலருக்கு முதல் கித்தாரை வாங்கியதாக அவரே கூறியிருக்கிறார். அது மின்சாரம் இல்லாத மலிவுக் கித்தார். 1943இல் அவர் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தார். அங்குள்ள விடுதிகளின் இரைச்சலில் அதன் குரல் கேட்கவில்லை. இரண்டொரு ஆண்டுகளில் மின்சாரக் கித்தாருக்கு மாறினார். தோட்டத்துப் பாட்டு நகரத்தின் காதில் விழத் தொடங்கியது அதன் பிறகுதான். 1958இல் அவர் இங்கிலாந்து சென்றபோது, அந்த முழக்கத்தைக் கேட்டுச் சிலர் முகம் சுளித்தார்கள். பருத்திக்காட்டுப் பாட்டு மின்சாரமின்றித்தான் இருக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். பருத்திக்காட்டிலிருந்து வந்தவருக்கு அந்த எண்ணம் இல்லை.

நம் பக்கமும் அலை வந்தது. 1961 நவம்பரில் கிளிஃப் ரிச்சர்டும் 'ஷேடோஸ்' குழுவினரும் சிங்கப்பூர் ஹாப்பி வேர்ல்ட் அரங்கில் பாடினார்கள். அதன்பின் மூன்று கித்தாரும் ஒரு டிரம்முமாக இளைஞர் குழுக்கள் ஊருக்கு ஊர் தோன்றின. மலாய் மொழியில் இவற்றுக்குக் 'கூகிரான்' என்று பெயர்; துள்ளல் கித்தார்க் குழு என்பதன் சுருக்கம் அது.

டேன்எலெக்ட்ரோ தொழிற்சாலை 1969இல் மூடப்பட்டது. அதற்குள் அந்த அட்டைப் பலகைக் கித்தார் பெரிய மேடைகளுக்கும் போய்விட்டது. லெட் ஸெப்பலின் குழுவின் ஜிம்மி பேஜ் அதை வாசித்தார். 1990களில் வேறு முதலாளிகள் அதே பெயரில் அதே உருவத்தை மீண்டும் செய்யத் தொடங்கினார்கள். உதட்டுச் சாயக் குழாய் உறையையும் விடவில்லை.