வீட்டுக் கணினியின் காவலர்

சிரம்பானிலிருந்து கோலப்பிலா செல்லும் சாலையில் அமைந்த ஊர் பாரோய். நெகிரி செம்பிலானின் ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புப் பகுதிகளாக மாறியும் வந்த காலத்தில், லயத்து வீடுகளில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல இத்தகைய ஊர்களின் தாமான்களை நாடி வந்தன. தோட்டத்தில் காவலுக்கு ஒரு 'ஜாகா' இருப்பார். அவரை நியமித்தவர் நிர்வாகியே அன்றி, குடியிருந்தோர் அல்லர். தாமான் வீட்டிலோ கணினி வந்து அமர்ந்தபோது, அதற்குரிய காவலரைத் தேர்ந்தெடுப்பதும், தேவைப்பட்டால் அவரை நீக்கி வேறொருவரை அமர்த்துவதும் வீட்டுக்காரரின் கடமையாயின. நச்சுநிரல் தடுப்பு மென்பொருளே அக்காவலர்.

கடைக்காரர் நிறுவிக் கொடுத்ததே காவல் என்று இருந்துவிடும் வீடுகள் பல. அந்தக் கணினியிலோ பிள்ளைகளின் பாடங்கள், குடும்பத்தின் நிழற்படங்கள், வங்கிக் கணக்கு ஆகிய அனைத்தும் அடங்கியுள்ளன. ஆகவே, இக்காவலரின் வரலாற்றை அறிவது பயனற்ற பொழுதுபோக்கு ஆகாது.

நோயின் தோற்றம்

1971ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அர்ப்பாநெட் வலையமைப்பில் பாப் தாமஸ் என்பார், ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குத் தானே நகரும் நிரல் ஒன்றைச் சோதனைக்காக எழுதினார். 'கிரீப்பர்' என்பது அதன் பெயர். அதைத் தேடி அழிக்க 'ரீப்பர்' என்னும் மற்றொரு நிரல் எழுதப்பட்டது. நோயும் மருந்தும் ஏறத்தாழ இரட்டைப் பிள்ளைகளாகவே பிறந்தன எனலாம்.

1983ஆம் ஆண்டில் தென் கலிபோர்னியா பல்கலைக்கழக மாணவர் பிரெட் கோஹென், பிற நிரல்களில் தன்னைப் புகுத்திப் பெருகும் நிரலைச் செய்து காட்டினார். அவருடைய ஆசிரியர் லியோனார்டு ஏடல்மன் அதற்கு 'வைரஸ்' என்று பெயரிட்டார். கோஹென் மற்றோர் உண்மையையும் நிறுவினார். நச்சுநிரல்கள் அனைத்தையும் பிழையின்றி இனங்காணும் தடுப்பு நிரல் ஒன்றை எவராலும் எழுத இயலாது என்பதே அது. நூற்றுக்கு நூறு காப்போம் என்று எந்த நிறுவனம் விளம்பரம் செய்தாலும், இந்த முடிவை மாணவர்கள் நினைவிற்கொள்ளல் வேண்டும்.

வட்டு முதல் விரலி வரை

1986ஆம் ஆண்டில் பாகிஸ்தானின் லாகூர் நகரில் பாசித், அம்ஜத் ஃபாரூக் அல்வி என்னும் சகோதரர்கள் எழுதிய 'பிரெயின்', ஐ.பி.எம். வகைத் தனியாள் கணினிகளைத் தாக்கிய முதல் நச்சுநிரலாகும். நெகிழ்வட்டின் தொடக்கப் பகுதியில் அமர்ந்து வட்டுக்கு வட்டு அது தாவிற்று. அதனுள் அச்சகோதரர்களின் கடை முகவரியும் தொலைபேசி எண்ணும் எழுதப்பட்டிருந்தன. பேராசையைவிட விளையாட்டும் வீம்பும் மிகுந்திருந்த காலம் அது.

நோய் பரவவே காவலரும் பெருகினர். 1987ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜான் மெக்காஃபி தம் நிறுவனத்தைத் தொடங்கினார். தமிழரும் இத்துறையில் பின்தங்கிவிடவில்லை. 1991ஆம் ஆண்டில் சென்னையில் ஜெ. கேசவர்தனன் தொடங்கிய கே7 கம்ப்யூட்டிங் நிறுவனம், தன் தடுப்பு மென்பொருளை ஜப்பான் வரை கொண்டு சென்றது. அந்நாட்டின் சோர்ஸ்நெக்ஸ்ட் நிறுவனம் அதைத் தன் பெயரிட்டு விற்றது. கணினிக் காவல் மேலைநாட்டார்க்கே உரிய கலை என்று எண்ணும் மாணவர்க்கு இச்செய்தி ஊக்கமளிக்கும்.

அக்காலக் காவலரின் முறை எளியது. ஒவ்வொரு நச்சுநிரலுக்கும் உரிய அடையாளத்தைப் பட்டியலிட்டு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கோப்பையும் அதனோடு ஒப்பிடும். பட்டியலில் இல்லாத கள்வன் தப்பிவிடுவான். ஆகவே பட்டியல் பழையதாயின் காவலரும் பயனற்றவர் ஆவார். பிற்காலத்தில், அடையாளம் தெரியாவிடினும் ஐயத்திற்குரிய நடத்தையைக் கண்டு தடுக்கும் முறை வளர்ந்தது.

நோய் வரும் வழியும் மாறிக்கொண்டே வந்தது. 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் 'ஐ லவ் யூ' என்னும் தலைப்பிட்ட மின்னஞ்சல், பிலிப்பைன்சிலிருந்து புறப்பட்டுச் சில நாள்களில் உலகெங்கும் பரவியது. 2008ஆம் ஆண்டு இறுதியில் தோன்றிய 'கான்ஃபிக்கர்', வலையமைப்பின் வழியாகவும் விரலியின் வழியாகவும் நுழைந்தது. மலேசியப் பள்ளிகளில் 2003ஆம் ஆண்டு முதல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டபோது, ஆசிரியர்க்கு மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. தமிழ்ப்பள்ளிகளும் அவற்றைப் பெற்றன. பள்ளிக் கணினியிலிருந்து வீட்டுக் கணினிக்குப் பாடக்குறிப்புகளைச் சுமந்து சென்ற விரலி, நோயையும் சுமந்து செல்லக்கூடிய காலம் அது.

கள்வன் காவலர் உடையில்

அச்சம் மிகுந்த இடத்தில் வணிகமும் மிகும். 1992ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் நாள் 'மைக்கலாஞ்சலோ' நச்சுநிரல் இலட்சக்கணக்கான கணினிகளை அழிக்கும் என்று செய்தித்தாள்கள் எச்சரித்தன. தடுப்பு மென்பொருள்கள் விரைந்து விற்றன. நேர்ந்த சேதமோ எதிர்பார்த்ததில் ஒரு சிறு பகுதியே. 2008ஆம் ஆண்டளவில் நிலைமை மேலும் சீர்கெட்டது. 'உம் கணினியில் நோய் உள்ளது. உடனே பணம் செலுத்துக' என்று திரையில் தோன்றிய போலித் தடுப்பு மென்பொருள்கள் பலரை ஏமாற்றின. கள்வனே காவலர் உடையில் வாயிலில் நின்றான்.

மெய்யான காவலரும் தவறியதுண்டு. 2010ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் மெக்காஃபி வெளியிட்ட பிழையான புதுப்பிப்பு, விண்டோஸ் எக்ஸ்பி இயங்க இன்றியமையாத கோப்பையே நச்சு எனக் கருதி முடக்கிற்று. மற்றொரு நிறுவனமான அவாஸ்ட், பயனாளரின் இணைய உலா விவரங்களை விற்ற குற்றச்சாட்டிற்காக 2024ஆம் ஆண்டில் 16.5 மில்லியன் அமெரிக்க டாலர் செலுத்த நேர்ந்தது. அதே ஆண்டில் அமெரிக்க அரசு ரஷ்ய நிறுவனமான காஸ்பர்ஸ்கியின் விற்பனைக்குத் தடை விதித்தது. செப்டம்பர் மாதத்தில் அந்நாட்டுப் பயனாளர் பலர், பழைய மென்பொருள் தானே நீங்கி, தாம் தேர்ந்தெடுக்காத 'அல்ட்ரா ஏவி' அவ்விடத்தில் அமர்ந்திருக்கக் கண்டனர். வீட்டுக்காரரைக் கேளாமலே காவலர் மாற்றப்பட்டார்.

இந்நிகழ்ச்சிகள் உணர்த்தும் உண்மை ஒன்றே. தடுப்பு மென்பொருள் கணினியின் எல்லா அறைகளையும் திறந்து பார்க்கும் உரிமை பெற்றது. அதைத் தேர்ந்தெடுப்பது, வீட்டின் சாவிக்கொத்தை ஒருவர் கையில் ஒப்படைப்பதற்கு ஒப்பாகும். திறமையோடு நம்பகத்தையும் பார்த்தே அச்செயலைச் செய்தல் தகும்.

தேர்வும் மாற்றமும்

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2009ஆம் ஆண்டில் இலவசத் தடுப்பு மென்பொருளை வெளியிட்டது. 2012ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் 8 முதல் அதை இயங்குதளத்தோடு இணைத்தே வழங்கி வருகிறது. முறையாகப் புதுப்பிக்கப்படும் வீட்டுக் கணினிக்குப் பெரும்பாலும் அதுவே போதுமானது. வேறொன்றை விரும்புவோர் விளம்பரத்தை நம்பாமல், ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் போன்ற சோதனைக் கூடங்களின் முடிவுகளைக் காணலாம். முதலாண்டு விலை குறைவாயினும் மறு ஆண்டுக் கட்டணம் உயரக்கூடும் என்பதையும், அது கேளாமலே வங்கிக் கணக்கில் பிடிக்கப்படலாம் என்பதையும் கருதல் வேண்டும்.

மாற்றத்திற்கும் ஒரு முறை உண்டு. ஒரே வாயிலில் இரு காவலர் நின்றால், ஒருவரையொருவர் கள்வர் என ஐயுற்று வழியை மறிப்பர்; கணினி தளர்ந்து நிற்கும். ஆகவே முதலில் முக்கியக் கோப்புகளுக்குப் படியெடுத்து வேறிடத்தில் வைத்தல் வேண்டும். புதிய மென்பொருளை அதனை ஆக்கிய நிறுவனத்தின் தளத்திலிருந்தே பெறுதல் வேண்டும். பின்னர் பழையதை முழுமையாக நீக்கிக் கணினியை மீண்டும் இயக்கி, புதியதை நிறுவிப் புதுப்பித்து, ஒருமுறை முழுச் சோதனை செய்தல் வேண்டும். பழையதன் சந்தாவை நிறுத்த மறத்தல் கூடாது. மென்பொருளை நீக்கியதால் மட்டும் கட்டணம் நின்றுவிடாது.

எனினும், எத்தகைய காவலரும் வீட்டுக்காரரின் கவனத்திற்கு ஈடாகார். 2017ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் உலகை உலுக்கிய 'வான்னாகிரை', கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணயப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு திங்களுக்கு முன்பே வெளியிட்டிருந்தது. புதுப்பிக்கத் தவறிய கணினிகளே பெரிதும் வீழ்ந்தன. 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிவுற்றமையால், பழைய கணினி வைத்திருப்போர் இப்பாடத்தை மறவாதிருத்தல் நன்று.

வள்ளுவர் மருந்து அதிகாரத்தில், நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்யுமாறு வற்புறுத்துகிறார். கணினிக்கும் அந்நெறி பொருந்தும். எந்த மென்பொருள் சிறந்தது என்று வினவும் மாணவனிடம், நோய் எவ்வழியே வருகிறது என்ற எதிர்வினாவை எழுப்புதல் ஆசிரியரின் பணி. தோட்டத்துத் தமிழர் தம் காவலரைத் தாமே தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றிலர். அவர்தம் பேரப்பிள்ளைகளுக்கு அவ்வுரிமை கிட்டியுள்ளது. அதனை அறிந்து பயன்படுத்துவதே அவ்வுரிமைக்குச் செய்யும் சிறப்பாகும்.