டாட்டி ராம்போ

டாட்டி ராம்போ (மார்ச் 2, 1934 – மே 11, 2008) அமெரிக்கப் பாடகி, பாடலாசிரியர். கெண்டக்கி மாநிலத்தின் மேடிசன்வில்லில் பிறந்தார். இயற்பெயர் ஜாய்ஸ் ரீபா லட்ரெல். சதர்ன் காஸ்பல் எனப்படும் தென்மாநில வெள்ளையரின் கிறிஸ்தவ இசை மரபைச் சேர்ந்தவர். ஆனால் இசை வரலாற்றில் அவர் பெயர் நிற்பது அம்மரபின் வேலியை ஒருமுறை தாண்டியதால்.

சிறுவயதிலேயே பாடல் புனையத் தொடங்கினார். பக்திப் பாடலை விடு அல்லது வீட்டை விடு என்று தந்தை கூற, பன்னிரண்டு வயதில் வீட்டை விட்டு வெளியேறினார். பதினாறு வயதில் பக் ராம்போவை மணந்தார். பின்னர் மகள் ரீபாவும் சேர, ராம்போஸ் என்ற குடும்பக் குழு உருவானது. லூசியானா ஆளுநரும் பாடகருமான ஜிம்மி டேவிஸ் இவருடைய பாடல்களைக் கேட்டு, அவற்றை வெளியிட ஒப்பந்தம் செய்தார்.

அக்காலத்தில் காஸ்பல் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு உலகங்கள் இருந்தன. வெள்ளையரின் நால்வர் குழுக்களுக்கும் கறுப்பினத்தவரின் திருச்சபைப் பாடகர் குழுக்களுக்கும் தனித்தனி மேடைகள், தனித்தனி வானொலிகள். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட 1968இல், முழுக்கக் கறுப்பினப் பாடகர் குழுவைத் துணைக்கு வைத்து டாட்டி ஓர் இசைத்தட்டைப் பதிவு செய்தார். அவருடைய சொந்த ரசிகர்களிடையே அது சர்ச்சையானது. மறு ஆண்டு, புதிதாகத் தொடங்கப்பட்ட 'சிறந்த சோல் காஸ்பல்' பிரிவின் முதல் கிராமி விருது அதற்கே கிடைத்தது. கறுப்பின இசைக்கென உருவான பிரிவின் முதல் விருதை வெள்ளைப் பெண் ஒருவர் பெற்றது, அந்த இசையை வளர்த்தெடுத்தவர்களுக்கு நியாயமானதுதானா என்ற கேள்வியும் உடன் எழத்தான் செய்கிறது.

மரணப் படுக்கையில் இருந்த சகோதரர் எட்டிக்காக அவர் எழுதிய 'ஹி லுக்டு பியாண்ட் மை ஃபால்ட்', பழைய அயர்லாந்து மெட்டான லண்டன்டெரி ஏரில் அமைந்தது. எல்விஸ் பிரெஸ்லி, விட்னி ஹூஸ்டன் ஆகியோர் இவருடைய பாடல்களைப் பாடியுள்ளனர். 'ஐ கோ டு த ராக்' பாடலை ஹூஸ்டன் 1996இல் ஜார்ஜியா மாஸ் கொயர் என்ற கறுப்பினக் குழுவுடன் பாடினார். ஒரு வகையில், 1968இல் வேலி தாண்டிப் போன குரலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதில் அது. 'வி ஷால் பிஹோல்ட் ஹிம்' 1982இல் ஆண்டின் சிறந்த பாடலுக்கான டவ் விருதைப் பெற்றது.

1980களின் பிற்பகுதியில் முதுகெலும்பு நோயும் தொடர் அறுவை சிகிச்சைகளும் அவரை முடக்கின. 1994இல் மணமுறிவு. 2003இல் டாலி பார்ட்டனுடன் இணைந்து பாடிய 'ஸ்டாண்ட் பை த ரிவர்' அவரை மீண்டும் மேடைக்குக் கொண்டுவந்தது. 2008ஆம் ஆண்டு அன்னையர் தினத்தன்று, டெக்சாஸ் நிகழ்ச்சிக்காகச் சென்றுகொண்டிருந்தபோது மிசூரியின் மவுண்ட் வெர்னன் அருகே அவருடைய பேருந்து விபத்துக்குள்ளானது. டாட்டி அதில் உயிரிழந்தார். அவருக்கு வயது 74.