வீராம்பட்டினத்து விருந்தினர்

ஆண்டுதோறும் கோடை முடியும் வேளையில் எங்கள் பங்கு அலுவலகத்திற்குச் சில பெற்றோர் வருகின்றனர். மகனோ மகளோ மேற்படிப்புக்காக வெளிநாடு செல்லவிருப்பதாகக் கூறித் திருமுழுக்குச் சான்றிதழ் கேட்கின்றனர். கல்விக் கட்டணம், வங்கிக் கடன், விசா, விடுதி என அனைத்தையும் விசாரித்து வைத்திருக்கின்றனர். "பிள்ளை தங்கப்போகும் ஊரில் கோவில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டால் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கின்றனர்.

சில ஆண்டுகளுக்கு முன் இவ்வாறு சென்ற இளைஞன் ஒருவன் விடுமுறையில் என்னைக் காண வந்தான். முதல் கிறிஸ்து பிறப்பு இரவைத் தன் அறையில் தனியே கழித்ததாகக் கூறினான். கோவில் தொலைவில் இல்லை, வழியும் தெரியும். "அங்கே என் பெயர் தெரிந்தவர் ஒருவரும் இல்லை, சாமி" என்றான். அவன் யாரையும் குறை கூறவில்லை. ஆனால் சான்றிதழில் கையொப்பமிட்டு முத்திரை பதித்ததோடு என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்ட என் நெஞ்சு குறுகுறுத்தது. அன்று முதல் ஒரு பழைய வரலாறு அடிக்கடி என் நினைவுக்கு வருகிறது.

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி, திண்டிவனம் வழியாகச் சுமார் நூறு கிலோமீட்டர் சென்றால் புதுச்சேரி. அதன் தென்புறத்தில் அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு இருக்கிறது. உரோமையரோடு நம்மவர் நடத்திய வாணிகத்தின் சான்றுகளை 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தெடுத்த இடம் அது. அங்குச் செல்வோர் செங்கற்கட்டடம் ஒன்றின் இடிபாடுகளையும் காணலாம். அது உரோமையர் காலத்தது அன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் அடுத்துள்ள வீராம்பட்டினத்தின் பெயரால் வழங்கிய ஒரு குருமடத்தின் எச்சம். அங்குப் பயின்றோர் சீனர், சயாமியர், வியட்நாமியர் ஆகிய அயல்நாட்டு மாணவர்கள்.

பாரீசு வெளிநாட்டு மறைபரப்புச் சபையார் ஆசிய இளைஞரைக் குருக்களாக உருவாக்கும் நோக்குடன் சயாம் நாட்டின் அயுத்தியாவில் 1665-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு பொதுக் கல்லூரியைத் தொடங்கினர். அவரவர் நாட்டில் துன்புறுத்தல் நிலவியதால் மாணவர்கள் அயல்நாடு சென்றே கற்க வேண்டியிருந்தது. வெவ்வேறு தாய்மொழியினர் ஆதலால் இலத்தீனே அவர்களுக்குப் பொதுமொழி ஆயிற்று. பர்மியர் படையெடுப்பால் 1767-இல் அயுத்தியா வீழ்ந்தது. கல்லூரி அதற்கு முன்பே அங்கிருந்து அகன்று, ஹா தியென் பகுதியிலுள்ள ஹோன் தாத் என்னும் இடத்தை அடைந்திருந்தது. அதே ஆண்டில் பிரெஞ்சு இளங்குரு பிஞ்ஞோ தெ பெஹேன் அங்கு வந்து சேர்ந்தார். மறு ஆண்டே அவர் கழுத்தில் மரத்தளை பூட்டப்பட்டுச் சிறையில் வாடினார். 1769-இல் கொள்ளையர் கல்லூரியைத் தாக்கினர். மாணவருள் சிலர் உயிரிழந்தனர். எஞ்சியோரை அழைத்துக்கொண்டு மலாக்கா வழியாக அவர் 1770-இல் புதுச்சேரியை அடைந்தார். வீராம்பட்டினத்தில் கல்லூரி மீண்டும் உயிர்பெற்றது.

அன்பர்களே, அம்மாணவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். வீட்டிலிருந்து கடல்கடந்த தொலைவு. கண்முன் மடிந்த தோழர்கள். சுற்றிலும் அறியாத தமிழ்மொழி. ஆயினும் அவர்கள் சிதறிப்போகவில்லை. கட்டடம் எரிந்தபோதும் கல்லூரி அழியவில்லை. ஏனெனில் ஒன்றாகச் செபித்து, ஒன்றாக உண்டு, ஒன்றாகக் கற்ற அந்தக் குழுமமே கல்லூரியாக இருந்தது. அவர்கள் தம் தாய்மொழியையும் இழக்கவில்லை. வியட்நாமிய மாணவரின் துணையோடு பிஞ்ஞோ வீராம்பட்டினத்தில் 1773 அளவில் வியட்நாமிய-இலத்தீன் அகராதி ஒன்றைத் தொகுத்து முடித்தார். அக்கையெழுத்துப் படியை அடிப்படையாகக் கொண்டே ஆயர் தபேர் 1838-இல் வங்காளத்துச் செராம்பூரில் தம் அகராதியை அச்சிட்டார். பிஞ்ஞோ 1774-இல் சென்னைச் சாந்தோமில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பெற்றுக் கிழக்கே திரும்பினார்.

போர் வந்தது, 1778-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றினர். 1782-இல் வீராம்பட்டினக் கல்லூரி மூடப்பட்டது. ஆயினும் 1808-இல் பினாங்குத் தீவில் அது மறுபிறப்பு எடுத்தது. அங்குக் கற்ற வியட்நாமியக் குரு பிலிப் மின் 1853-இல் மறைச்சாட்சியாக உயிர் நீத்தார். 1988-இல் புனிதர் எனப் போற்றப்பெற்றார். பினாங்குக் கல்லூரி இன்றும் குருக்களை உருவாக்கி வருகிறது.

நம்மவர் வரலாறும் இதற்கு ஒத்த சான்று தருகிறது. 1913-இல் யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைப் பகுதியில் பிறந்த தனிநாயகம் அடிகளார் உரோமையில் பயின்று 1938-இல் அங்கேயே குருப்பட்டம் பெற்றார். பல நாட்டு மாணவரிடையே வாழ்ந்த அவர், உடன் பயின்ற தமிழரோடு சேர்ந்து வீரமாமுனிவர் பெயரால் ஒரு கழகம் அமைத்தார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்றார். 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூட முன்னின்றார். அயல்நாட்டுக் கல்வி அவரை வேரறுக்கவில்லை, வேரை ஆழமாக்கியது. அவர் அங்குத் தனித்து வாழாததும் அதற்கு ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன்.

தொடக்கத் திருச்சபை இந்த உண்மையை நன்கு அறிந்திருந்தது. கெங்கிரேயா நகர்ச் சபையில் பணியாற்றிய சகோதரி ஒருவர் உரோமைக்குச் செல்கையில், அவரை ஏற்று உதவுமாறு திருத்தூதர் பவுல் தம் மடலில் பரிந்துரைக்கிறார். ஒருவரை அனுப்பும் சபையும் அவரை ஏற்கும் சபையும் ஒரே குடும்பம் என்பதற்கு அம்மடல் சான்று. நம் சான்றிதழ் ஒருவர் திருமுழுக்குப் பெற்றதைக் கூறுகிறது. அவரை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று அது கேட்பதில்லை.

ஏற்றுக்கொள்ளும் கடமை நமக்கும் உண்டு. கார்த்திகைத் தீபத்தன்று இவ்வூருக்கு வரும் இலட்சக்கணக்கானோர்க்கு, பெயரும் ஊரும் கேளாமல் அன்னமிடும் இந்து சகோதரர்களை நான் ஆண்டுதோறும் காண்கிறேன். நம் ஞாயிறு திருப்பலியிலோ, பிழைப்புத் தேடி வடமாநிலங்களிலிருந்து வந்த இளைஞர் சிலர் கடைசி வரிசையில் நின்று, இறுதிப் பாடல் முடியுமுன் போய்விடுகின்றனர். அவர்கள் பெயரை நம்முள் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? வீராம்பட்டினத்துக்கு வந்தவர்களும் ஒருகாலத்தில் இவ்வாறே அறியாத முகங்களாக இருந்தவர்கள்தாம்.

இப்பொழுது சான்றிதழோடு ஒரு கடிதமும் எழுதுகிறேன். மாணவர் செல்லும் ஊரின் பங்குத்தந்தைக்கு அவர் பெயரையும், பாடுவாரா, பீடப்பணி செய்வாரா என்பதையும் குறிப்பிட்டு அனுப்புகிறேன். எல்லாக் கடிதங்களுக்கும் மறுமொழி வருவதில்லை. சென்ற முறை ஒன்றுக்கு வந்தது: "அவர் எங்கள் பாடற்குழுவில் சேர்ந்திருக்கிறார்." அந்த ஒரு வரியை அம்மாணவரின் தாய்க்குப் படித்துக் காட்டினேன். அவர் அக்கடிதத்தைக் கேட்டு வாங்கி வீட்டிற்கு எடுத்துச் சென்றார்.