ஒரே கம்பியில் கோத்த ஒளி

ஒரு காலத்தில் ஜெர்மானிய வீடுகளில் கிறிஸ்துமஸ் மரத்துக்கு மெழுகுவர்த்திதான் விளக்கு. உருகிய மெழுகாலோ குண்டூசியாலோ அதைக் கிளையில் நிறுத்துவார்கள். வெட்டி வந்த மரம் நாளுக்கு நாள் காயும், பிசின் வேறு. அதனால் ஏற்றிய சிறிது நேரத்திலேயே அணைத்துவிடுவார்கள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் காத்திருக்கும்.

அந்தப் பயத்தைப் போக்கியது மின்சாரம். தாமஸ் எடிசனின் மின்நிலையம் நியூயார்க் பேர்ல் தெருவில் இயங்கத் தொடங்கி நான்கு மாதம்கூட ஆகாத நிலையில், 1882 டிசம்பர் 22 அன்று, அவருடைய கூட்டாளி எட்வர்ட் ஜான்சன் தன் வீட்டு மரத்தில் 80 பல்புகளைக் கட்டினார். அக்ரூட் கொட்டை அளவில் சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக இருந்த பல்புகள் மின்னி மின்னி எரிய, மரம் மெல்லச் சுழன்றது. அத்தனையும் கையால் இணைத்தவை. பல ஆண்டுகள் வரை இந்த அழகு செல்வர் வீட்டோடு நின்றது. கம்பி இழுக்க எலக்ட்ரீஷியனையே கூப்பிட வேண்டும். 1903 வாக்கில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆயத்தச் சரங்களை விற்கத் தொடங்கியபோதும் ஒரு செட் ஏறத்தாழ 12 டாலர். சாதாரணத் தொழிலாளியின் ஒரு வாரக் கூலி.

விலை இறங்கி நடுத்தர வீடுகளுக்குள் நுழைந்த சரத்தில் பெரும்பாலும் எட்டு பல்புகள். அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட். எட்டும் அதைப் பங்கிட்டு, தலைக்கு 15 வோல்ட் வாங்கிக்கொள்ளும். பள்ளிப் பாடத்தில் நாம் படித்த தொடரிணைப்பு இதுதான். ஒன்று போனால் எட்டும் போகும். நல்ல பல்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஹோல்டராக மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் நாம் 'சீரியல் செட்' என்கிறோமே, அந்தப் பெயருக்குள் இருப்பதும் இந்த இணைப்புதான்.

பின்னாளில் வந்த குட்டி பல்புச் சரத்தில் 50 பல்புகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டரை வோல்ட். இழைக்குக் கீழே ஒரு மெல்லிய கம்பி சுற்றியிருக்கும். அதன் மேல் மின்சாரம் கடக்காத பூச்சு. இழை அறுந்தவுடன் மொத்த வோல்டேஜும் அந்த இடத்தில் வந்து முட்டும். பூச்சு உடையும், மின்சாரம் அந்தக் கம்பி வழியே போகும், மற்றவை எரியும். ஆனால் போனதன் பங்கையும் மீதிப் பல்புகளே சுமக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் அவையும் ஒவ்வொன்றாகச் சீக்கிரம் கருகும். ஒரே ஒரு பல்பு என்று விடாமல் உடனே மாற்றச் சொல்வது இதனால்தான். 1990களில் நீல எல்.இ.டி. கைகூடிய பின் சூடும் மின்செலவும் வெகுவாகக் குறைந்தன. பெரும்பாலான சரங்களுக்குள் தொடரிணைப்பு மட்டும் அப்படியே தொடர்கிறது.

சரத்தை மரத்தில் கட்டுவதிலும் ஒரு பக்குவம் உண்டு. முதலில் தரையில் விரித்து எரியவிட்டுப் பார்க்க வேண்டும். பிளக் உள்ள முனை அடியில் இருக்க, தண்டிலிருந்து கிளை நுனிக்கும், நுனியிலிருந்து தண்டுக்குமாக ஓட்டிக்கொண்டே மேலே போக வேண்டும். வெளியே மட்டும் சுற்றினால் கயிறு கட்டியதுபோல் தெரியும். உள்ளே ஓட்டினால்தான் மரமே ஒளிரும்.

எரியாமல் போன சரத்துக்கும் ஒரு பயணம் இருந்தது. தெற்குச் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் ஷிஜியாவ் என்றொரு ஊர். ஆண்டுக்கு ஏறத்தாழ 9,000 டன் பழைய கிறிஸ்துமஸ் சரங்கள் அங்கே வந்து இறங்கியதாக, 2011இல் நேரில் பார்த்த பத்திரிகையாளர் ஆடம் மின்ட்டர் எழுதினார். முன்பு செம்புக்காக உறையை எரித்தார்கள். ஊரே கரும்புகையில் மூச்சு முட்டியது. பிறகு பிளாஸ்டிக்குக்கும் விலை கிடைக்கவே, சரத்தைப் பொடியாக நறுக்கித் தண்ணீரோடு அதிரும் மேசையில் ஓடவிட்டார்கள். முறத்தில் புடைத்ததுபோல் கனமான செம்பு ஒரு பக்கமும், பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் மறுபக்கமும் ஒதுங்கின. 2018 முதல் சீனா கழிவு இறக்குமதிக்குக் கதவைச் சாத்தத் தொடங்கியது.

எங்கோ ஒரு வீட்டில் குழந்தைகள் அண்ணாந்து பார்த்த சரத்துக்கு, முகம் தெரியாத தொழிலாளிகளின் கை இன்னொரு பிறவி கொடுத்திருக்கிறது. அந்தப் பிளாஸ்டிக், செருப்புக்கு அடிப்பாகமாகி யாரோ ஒருவரின் காலைக் காத்தது.