ஈ.ஆர்.பி. மென்பொருளை நடைமுறைப்படுத்தல்

கொள்முதல், ஸ்டோர்ஸ், உற்பத்தி, விற்பனை, கணக்கு, சம்பளம் என ஒரு நிறுவனத்தின் எல்லாப் பிரிவுகளும் ஒரே தரவுத்தளத்தில் எழுதி, அதிலிருந்தே படித்து வேலை செய்ய வழிசெய்யும் மென்பொருள் ஈ.ஆர்.பி. எனப்படுகிறது. நிறுவன வளத் திட்டமிடல் என்பது அதன் தமிழ்ப் பெயர். ஆலைக்குள் அந்தப் பெயரைச் சொல்பவர்கள் குறைவு, "சிஸ்டத்தில் ஏத்தியாச்சா?" என்றுதான் கேட்பார்கள். மென்பொருளை வாங்குவது எளிய பகுதி. நிறுவனம் அதுவரை எப்படி வேலை செய்துவந்தது என்பதை எழுத்தில் கொண்டுவந்து, வேண்டியதை மாற்றி, சரக்குக் கணக்கை நேர்செய்து, ஆட்களைப் பழக்கி, குறித்த ஒரு நாளில் பழைய பேரேட்டை மூடிப் புதியதில் தொடங்குவதே நடைமுறைப்படுத்தல். இது ஆண்டுக்கணக்கில் நீளக்கூடிய வேலை.

ஒரே ஒரு பதிவைப் பார்த்தால் இதன் தன்மை விளங்கும். 5,000 கிலோ எஃகுத் தகட்டுடன் ஒரு லாரி ஆலை வாசலுக்கு வருகிறது. கேட் என்ட்ரி, எடை மேடை முடிந்து ஸ்டோர்ஸுக்குப் போகிறது. அங்கே எழுத்தர் பர்ச்சேஸ் ஆர்டர் எண்ணைத் தட்டி ஜி.ஆர்.என். எனும் சரக்கு வரவுச் சீட்டைப் போடுகிறார். அந்த ஒரு தட்டலில் இருப்பு ஏறுகிறது, ஆர்டரில் வரவேண்டிய பாக்கி குறைகிறது, சப்ளையருக்குத் தரவேண்டிய தொகை கணக்கில் ஏறுகிறது, தரச் சோதனைப் பிரிவுக்கு வேலை போகிறது. எழுத்தர் அன்றைய பதிவை மறுநாளுக்குத் தள்ளிவிட்டால், இரவில் ஓடும் திட்டமிடல் கணக்கு தகடு இன்னும் வரவில்லை என்றே எடுத்துக்கொள்ளும். மறுநாள் உற்பத்தி வரிசையில் அந்த வேலை பின்னுக்குப் போகும். தகடோ தரையில் கிடக்கும். காகிதப் பேரேட்டுக் காலத்தில் இந்தத் தாமதம் ஸ்டோர்ஸோடு நின்றிருக்கும்.

தோற்றம்

இதன் வேர் 1960களின் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் இருக்கிறது. செய்யப்போகும் பண்டத்தின் எண்ணிக்கையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, எந்த உதிரி எப்போது எவ்வளவு வேண்டும் என்று சொல்லும் எம்.ஆர்.பி. முறையை ஜோசப் ஆர்லிக்கி வளர்த்தெடுத்தார். அதுபற்றிய அவருடைய நூல் 1975இல் வந்தது. 1972இல் ஐ.பி.எம். நிறுவனத்திலிருந்து விலகிய ஐந்து பொறியாளர்கள் ஜெர்மனியில் எஸ்.ஏ.பி. நிறுவனத்தைத் தொடங்கினர். அதன் ஆர்/3 பதிப்பு 1992இல் வெளிவந்தபின், பெரிய கணினி வைத்திருந்தவர்களுக்கு மட்டுமே எட்டியிருந்த இவ்வகை மென்பொருள் உலகெங்கும் பரவியது. ஈ.ஆர்.பி. என்ற பெயரை 1990இல் கார்ட்னர் ஆய்வு நிறுவனம் வைத்தது. 2000ஆம் ஆண்டுத் தேதிக் கோளாறு பற்றிய அச்சமும் பழைய நிரல்களைத் தூக்கி எறிய ஒரு காரணமாயிற்று. சென்னையின் ராம்கோ சிஸ்டம்ஸ் 1990களில் மார்ஷல் என்ற பெயரில் சொந்த ஈ.ஆர்.பி.யை விற்றது, ஸ்வீடனின் ஐ.எஃப்.எஸ். நிறுவனம் 1997 முதல் கொழும்பில் தன் மென்பொருளை உருவாக்கிவருகிறது.

பொருள் பட்டியல்

திட்டத்தின் படிகளைக் கன்சல்டன்ட்கள் அழகாக வரைந்து காட்டுவார்கள்: நடைமுறை ஆய்வு, அமைவு, சோதனை, பயிற்சி, புதியதில் வேலை தொடங்கும் கோ-லைவ். இவற்றுக்கெல்லாம் அடியில் கிடக்கும் வேலை மாஸ்டர் டேட்டா. நிறுவனம் வாங்கும், செய்யும், விற்கும் ஒவ்வொரு பொருளுக்கும் எண், பெயர், அளவு அலகு, வந்து சேர எடுக்கும் நாட்கள், வரி விகிதம், வைக்கும் இடம் எல்லாம் எழுதப்பட வேண்டும். ஒரே பேரிங்குக்கு மூன்று ஸ்டோர்ஸ் புத்தகங்களில் மூன்று பெயர் இருக்கும். போல்ட்டைக் கிலோவில் வாங்கி எண்ணிக்கையில் கொடுப்பார்கள். ஒரு கிலோவுக்கு எத்தனை என்பது ஸ்டோர்கீப்பரின் கைக்குத் தெரியும், எந்தக் காகிதத்திலும் இருக்காது. இந்த அறிவைக் கேட்டு வாங்கி எழுதுவதற்குப் போதிய நாட்களை ஒதுக்காத திட்டம், எத்தனை சிறந்த மென்பொருளை வாங்கியிருந்தாலும் தடுமாறும்.

அமெரிக்க டார்கெட் கடைகள் கனடாவுக்குப் போன கதை இதற்குச் சான்று. 2013இல் தொடங்கிய அந்தக் கிளை புதிதாக எஸ்.ஏ.பி.யை அமைத்தது. பல்லாயிரம் பொருள்களின் விவரங்களை அனுபவம் குறைந்த ஊழியர்கள் அவசரத்தில் ஏற்றினர். சென்டிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் அங்குலம் ஏறியது. நீளமும் அகலமும் இடம் மாறின. பின்னர் சரிபார்த்தபோது பதிவுகளில் 30 சதவீதம் அளவே சரியாக இருந்ததாகத் தெரியவந்தது. கிடங்குகளில் சரக்கு நிரம்பி வழிந்தது, கடை அலமாரிகள் காலியாகக் கிடந்தன. 2015 ஜனவரியில், 133 கடைகளையும் மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. ஏறத்தாழ 17,600 பேர் வேலை இழந்தனர். தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் அலமாரி காலியானதற்கு இந்தப் பதிவுப் பிழைகளின் பங்கு பெரியது.

ஹெர்ஷி, 1999

இத்துறையில் அதிகம் பேசப்படும் நிகழ்வு அமெரிக்கச் சாக்லேட் நிறுவனம் ஹெர்ஷியுடையது. சுமார் 11.2 கோடி டாலர் செலவில் எஸ்.ஏ.பி., சீபெல், மனுஜிஸ்டிக்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களின் மென்பொருள்களையும் அது ஒருசேர நிறுவியது. 48 மாதம் வேண்டும் என்று சொல்லப்பட்ட வேலையை 30 மாதத்தில் முடிக்க இலக்கு வைத்தார்கள். ஏப்ரலில் நடக்க வேண்டிய கோ-லைவ் ஜூலைக்குத் தள்ளிப்போனது. ஹாலோவீன் பண்டிகைக்கான ஆர்டர்கள் வந்து குவியத் தொடங்கும் மாதம் அது.

சாக்லேட் ஆலையில் இருந்தது, கடைகளுக்குப் போகவில்லை. பண்டிகைக் காலத்தில் கிடங்கு போதாதபோது காலியாக இருக்கும் அறைகளிலெல்லாம் பெட்டிகளை அடுக்கிவைப்பது அங்கே நெடுநாள் வழக்கம். எந்த அறையில் என்ன இருக்கிறது என்பது ஆட்களுக்கு நினைவில் இருந்தது. அந்த அறைகள் புதிய மென்பொருளில் சேமிப்பிடங்களாகப் பதியப்படவில்லை. பதியாத இடத்துச் சரக்கு அதன் கண்ணுக்கு இல்லாத சரக்கு. சுமார் 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்களை நிறைவேற்ற முடியவில்லை. அந்தக் காலாண்டின் லாபம் 19 சதவீதம் சரிந்தது. இதை மென்பொருளின் தோல்வி என்று எழுதிவிடுவது நியாயமல்ல. அதே ஹெர்ஷி 2002இல் எஸ்.ஏ.பி.யின் அடுத்த பதிப்புக்கு மாறும் வேலையைப் போதிய சோதனைகளுடன் 11 மாதங்களில், பட்ஜெட்டுக்கு 20 சதவீதம் குறைவான செலவில் முடித்தது.

நிறுவனம் மென்பொருளைத் தன் பழக்கத்துக்கு வளைப்பதா, பழக்கத்தை மென்பொருளுக்கு மாற்றுவதா என்பது ஒவ்வொரு திட்டத்திலும் எழும் வழக்கு. ஜெர்மனியின் லிடில் கடைத்தொடர் இருப்பை வாங்கிய விலையில் மதிப்பிடும் தன் வழக்கத்தை விடவில்லை; எஸ்.ஏ.பி.யின் சில்லறை வணிக அமைப்போ விற்பனை விலையை அடிப்படையாகக் கொண்டது. 2011இல் தொடங்கிய திட்டம், சுமார் 50 கோடி யூரோ செலவானபின் 2018இல் கைவிடப்பட்டது.

சங்கிலி முழுவதும்

ஒரு நிறுவனத்தின் கணக்கு அடுத்த நிறுவனத்தின் கணக்கோடு பேசத் தொடங்கும்போது பிழையும் உடன் பயணிக்கிறது. கடையில் விற்பனை சற்றே ஏறினால் மொத்த வியாபாரி கொஞ்சம் கூட்டி ஆர்டர் போடுவார், ஆலை இன்னும் கூட்டும், மூலப்பொருள் தருபவர் அதற்கும் மேலே போவார். சாட்டையின் பிடி சிறிது அசைந்தால் நுனி வீசியடிப்பதைப் போன்றது என்பதால் இதைச் சாட்டை விளைவு என்கிறார்கள். உண்மையான விற்பனை எண்ணைச் சங்கிலியில் எல்லோருக்கும் காட்டினால் இது தணியும் என்பதுதான் பகிர்ந்த மென்பொருளுக்கான வாதம். எண் தவறாக இருந்தால் தவறும் எல்லோருக்கும் போய்ச் சேரும். நைக்கி நிறுவனத்தின் தேவைக் கணிப்பு மென்பொருள் விலைபோகாத காலணிகளுக்கு அதிகமாகவும், தேடி வாங்கப்படும் காலணிகளுக்குக் குறைவாகவும் ஆர்டர் போட்டது. 10 கோடி டாலர் விற்பனை இழந்ததாக 2001 பிப்ரவரியில் நிறுவனம் அறிவித்தது. அடுத்த கட்டத்தில், வாடிக்கையாளர் சேவை ஊழியர்களுக்கு 140 முதல் 180 மணி நேரப் பயிற்சி தந்து, அதை முடித்தவர்களையே கணினிக்குள் விட்டார்கள்.

இந்தியாவில் இந்த இணைப்பைச் சட்டமே ஓரளவு கொண்டுவந்தது. ஜி.எஸ்.டி.யின் மின் இன்வாய்ஸ் முறை 2020 அக்டோபர் 1 அன்று 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்குக் கட்டாயமானது. படிப்படியாக இறங்கி 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கும் வந்தது. அதனால் அந்த வரம்பைத் தாண்டிய சிறிய பட்டறையின் பில்லும் பெரிய ஆலையின் பில்லும் இன்று ஒரே வடிவத்தில் பதிவாகின்றன.

ஆனாலும் பாரம் சமமாக இறங்குவதில்லை. பெரிய வாகன ஆலைக்கு உதிரி கடைந்து கொடுக்கும் ஒரு லேத் பட்டறையில் கணக்கு எழுதுபவர் ஒருவர்தான் இருப்பார். ஆலையின் போர்ட்டலைத் திறந்து ஆர்டரைப் பார்க்கிறார்; அனுப்பும் சரக்கின் விவரத்தை அங்கே ஏற்றி, பார்கோடு சீட்டு அச்சடித்துப் பெட்டிகளில் ஒட்டுகிறார்; பிறகு அதே எண்களைத் தன் கணக்கு மென்பொருளில் மறுபடி தட்டுகிறார். வேறு இரண்டு ஆலைகளுக்கும் சரக்குப் போனால் இன்னும் இரண்டு போர்ட்டல், இன்னும் இரண்டு கடவுச்சொல். இன்வாய்ஸ் எண்ணில் ஒரு சாய்கோடு விட்டுப்போனாலும் வாசலில் ஜி.ஆர்.என். விழாது, டெம்போ வெளியே நிற்கும், டிரைவர் போன் மேல் போன் போடுவார். ஆலையின் திட்டச் செலவில் அந்தக் கணக்காளரின் மாலை நேரங்களுக்கு இடம் இல்லை. சப்ளையரின் மென்பொருள் நேரே ஏற்றிக்கொள்ளும் கோப்பாக ஆர்டரை அனுப்பி, அவர் போடும் பில்லை அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும்படி ஆலை தன் பக்கத்தை அமைத்தால், அவர் அந்த எண்களை ஒரு முறை தட்டினால் போதும்.