வண்ணம் பூசப்பட்ட கைதிகள்

2021 ஏப்ரலில் வைஸ் இணைய இதழ் கம்போடியக் கைதிகள் சிலரின் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை வண்ணமேற்றி வெளியிட்டது. நாம்பென் நகரின் பள்ளிக்கூடமொன்றைக் கெமர் ரூஜ் ஆட்சி (1975-79) டூல் ஸ்லெங் சிறையாக்கியது. கொண்டுவரப்பட்டவரைப் படமெடுத்துக் கோப்பில் சேர்த்தது. பல்லாயிரம் பேரில் பிழைத்தவர்கள் சொற்பம். மூலப் படங்களோடு ஒப்பிட்டபோதுதான் தெரிந்தது: சில முகங்களில் புன்னகையும் சேர்க்கப்பட்டிருந்தது. கம்போடியப் பண்பாட்டு அமைச்சகம் கண்டிக்க, இதழ் படங்களை நீக்கிவிட்டது.

புன்னகை பொய், சரி. வண்ணம் மட்டும் என்னவாம்? கறுப்பு வெள்ளைப் படச்சுருள் ஒளியின் அளவைத்தான் பதிகிறது. ஒரு சிவப்பும் ஒரு பச்சையும் அதில் ஒரே சாம்பலாக விழலாம். வேறு சான்று இல்லாமல் அந்தச் சாம்பலிலிருந்து சட்டையின் நிறத்தை மீட்க முடியாது, ஊகிக்கலாம், அவ்வளவுதான். கீறலை அகற்றுவதையும் இதையும் 'மீட்டெடுப்பு' என்று ஒரே சொல்லால் அழைக்கிறார்கள் பாருங்கள், விஷமம் அங்கேதான் இருக்கிறது. (நம்மூர் ஸ்டுடியோக்காரரும் தாத்தா படத்துக்குக் கன்னச் சிவப்பு தீட்டினார்தான். ஆனால் அது தீட்டியது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.)

இறந்தவரை நமக்கு நெருக்கமாக்குகிறோம் என்பது வண்ணக்காரர்களின் வாதம். நல்லெண்ணமாகவே இருக்கட்டும். யாருடைய காமிரா அது? அந்த முகம் பார்த்துக்கொண்டிருப்பது நம்மையல்ல, சிறைக்காரனை. வண்ணம் ஏறியதும் கோப்புப்படம் குடும்பப் படமாகிவிடுகிறது. சிறைக்காரன் மெல்ல நழுவிவிடுகிறான். டூல் ஸ்லெங் அருங்காட்சியகத்தில் அவை வரிசை வரிசையாக, கறுப்பு வெள்ளையிலேயே இருக்கின்றன, பலவற்றில் மார்பில் குத்திய எண்ணோடு.